பிரிக்ஸ் மீட்டர் காட்டாத புரதம்

சித்தூருக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சரளா என்ற என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் நான் பிரிக்ஸ் அக்கா. பிரிக்ஸ் என்பது கூழில் இனிப்பு எவ்வளவு என்று சொல்லும் அளவு. அதைப் பார்க்கிற மீட்டர் ஒரு சாண் நீளக் குழல், முனையில் சாய்வாக ஒரு கண்ணாடி. ஒரு சொட்டுக் கூழை அதில் விட்டு, மூடியை மூடி, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணில் வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் ஓர் எண் தெரியும். தோத்தாபுரி என்கிற நீள மாம்பழத்தின் கூழ் பதினாலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வெளிநாடு போகும் டிரம்மில் அதை ஏற்ற மாட்டோம்.

பழம் நறுக்கும் மேஜையில் கத்தி பிடித்துத் தொடங்கியவள் நான். பத்தாவது பாஸ் என்பதாலும், யார் கெஞ்சினாலும் எண்ணை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்பதாலும் லேப் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். என் அப்பாவுக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு செண்ட் நிலம்கூடக் கிடையாது, கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலி. அவர் மகள் தலையை ஆட்டினால் ஒரு டிராக்டர் பழம் வந்த வழியே திரும்பிப் போகும். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். நான் பட்ட பாட்டுக்கு அந்தத் திமிர்தான் காரணம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாளைக்கே ஒரு பரிசோதனைக்குப் போய்வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்தது முப்பத்தெட்டு வயதில். மாத்திரை கொடுத்தார்கள், மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு டவுனுக்குப் போய், ரத்தம் கொடுத்து, டிபன் தின்று, மறுபடி ரத்தம் கொடுத்து வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். சீசனில் லேப்பை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர முடியாது. அப்போதுதான் மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய பிரிக்ஸ் மீட்டர் கண்ணில் பட்டது. கீறல் விழுந்து கணக்கிலிருந்து கழித்துவிட்ட மீட்டர். சர்க்கரையை அளக்கிற சாமான் கையிலேயே இருக்கும்போது டவுனுக்கு எதற்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலை ஒரு சொட்டுச் சிறுநீரை விட்டுப் பார்த்தேன். மூன்று.

கூழ் எங்கே, பதினாலு. நான் எங்கே, மூன்று. அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு முழு மாம்பழம் தின்றேன். அப்புறம் தினமும் பார்த்தேன். மூன்று, சில நாள் நான்கு. இரண்டு காட்டிய நாளில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டேன். ரத்தம் பார்க்கப் போவதை அடியோடு விட்டேன்.

இதோடு நின்றிருந்தால் என் தலையோடு போயிருக்கும். விஷயம் கம்பெனியில் பரவியது. சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொருவராக டானிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஷிப்ட் தொடங்கும் முன் பம்ப் செட்டுக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கூழ் பார்க்கிற மீட்டர் வேறு, இது வேறு, அந்தச் சுத்தத்தில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பாய்லர் பார்க்கும் தணிகாசலம் அண்ணன், எங்கள் சத்தியவேடு பக்கத்துக்காரர், கூடப் பிறக்காத குறை.

"எவ்ளோம்மா?" என்று கேட்பார்.

"மூணுதாண்ணா. போய் நிம்மதியா வேலையப் பாருங்க."

"நீ சொன்னா சரிதான்," என்று பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போவார். டாக்டர் சொன்னால்கூட அவர் அப்படித் தலையாட்டியதில்லை.

எட்டாவது வருஷம் உடம்பு மாறியது. சிறுநீர் நுரைத்தது, ஊற்றின தண்ணீருக்கும் போகாமல் நுரை நின்றது. கழிவறைக்குப் போடும் சோப்புத்தூள் என்று நினைத்தேன். சாயங்காலத்தில் செருப்பு வார் காலில் பதிந்தது. எங்கள் லேப் மாடியில் இருக்கிறது, பதினாலு படி. ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தேன். நெஞ்சு வலி மட்டும் கொஞ்சமும் இல்லை, அதனால் வயசாகிறது என்று விட்டுவிட்டேன். என் மகள் கவிதா ஸ்ரீ சிட்டியில் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வார லீவுக்கு வந்தவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, ஆறாவது படியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மறுநாள் காலை திருப்பதி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டுத்தான் பேசினாள். அப்போது சீசன் தொடங்கப் பத்து நாள் இருந்தது.

மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, கையோடு உடம்பையும் காட்டிவிட்டுப் போக வந்தவர்கள் பாதிப் பேர். சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே முழு ஜடையோடு நான் ஒருத்தி. டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. தெலுங்கில் தொடங்கினார். நான் கவிதாவிடம் முணுமுணுத்த தமிழைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார், வேலூரில் படித்தவராம்.

"கடைசியா யூரின் டெஸ்ட் எப்ப பண்ணீங்க?"

"இன்னிக்குக் காத்தாலதான் மேடம்."

"இன்னைக்கா? எந்த லேப்ல?"

"வூட்லதான். நானே பாத்துக்கினேன்."

"எவ்வளவு இருந்தது?"

"மூணு."

"மூணு என்ன?"

"மூணு பிரிக்ஸ் மேடம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கவிதா தலையில் கை வைத்தாள். நான் பெருமையாகக் கைப்பையைத் திறந்து மீட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"இது தண்ணில என்ன கரைஞ்சிருந்தாலும் எண் காட்டும்மா. உப்பு, யூரியா எல்லாத்தையும் சேத்துக் காட்டும். நீங்க அதிகமா தண்ணி குடிச்சா ரெண்டு, கம்மியா குடிச்சா நாலு. ரத்தத்துல இருக்கிற சர்க்கரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எனக்குக் காது சூடானது. ஊறுகாய் மாங்காய்க்குப் போடும் உப்புத் தண்ணீரை நானே இதே மீட்டரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உப்புக்கும் எண் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு வருஷம் என் விஷயத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. வேண்டிய பதிலைக் கொடுக்கிற மீட்டரை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சின்ன டப்பாவில் சிறுநீர் வாங்கிப் பார்த்ததில் ஆல்புமின் என்ற புரதம் நிறைய இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் கன்னாபின்னாவென்று இருந்தது. டாக்டர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். சிறுநீரகம் ஒரு சல்லடை. கழிவை மட்டும் வெளியே விட வேண்டும், புரதத்தை உள்ளேயே நிறுத்த வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருஷக்கணக்கில் அரித்தால் சல்லடை ஓட்டையாகிப் புரதம் ஒழுகும். அந்தப் புரதம்தான் நுரை. எங்கள் கம்பெனியில் கூழில் நார் வந்தால் சல்லடை கிழிந்தது என்று மெஷினை நிறுத்துவோம். என் மெஷினில் நார் வந்தபோது நான் சோப்புத்தூள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கிட்னியோட முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க," என்றார். "ரத்தக் குழாயோட உள் பூச்சு உடம்பு பூரா ஒண்ணுதான். கிட்னில கெட்டுப்போயிருந்தா இதயத்துலயும் கெட்டிருக்கலாம். சர்க்கரை இருந்து, யூரின்ல புரதமும் போறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் பயம் அதிகம். சர்க்கரைல நரம்பு மந்தமாயிடும், அதனால சில பேருக்கு வலியே தெரியாது. உங்களுக்கு மூச்சு வாங்குறது எனக்குப் பிடிக்கல."

பயம் அப்போதுதான் வந்தது. என் அப்பா ஐம்பது வயதில் களத்துமேட்டில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். அவரும் வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கவிதாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை மறுநாள். புடவையோடு ஏறக் கூடாது என்றதால் கவிதாவின் சுடிதார், அவளுடைய ஷூ. நாற்பத்தாறு வயதில் முதல் சுடிதார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி நடக்கச் சொன்னார்கள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்து டெக்னீஷியன் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டான். "நான் இன்னும் நடப்பேன்" என்றேன். "வேணாம்மா, உக்காருங்க" என்றான். அவன் குரலில் இருந்த மரியாதை என்னைக் கலங்கடித்தது.

இதயத்தின் ரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும், அடைப்பு இருந்தால் அப்போதே சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு ஆஞ்சியோகிராம் என்று பெயர். ஆந்திராவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் வெள்ளை ரேஷன் கார்டு இருந்ததால் அரசுத் திட்டத்தில் செலவு போய்விடும் என்று கவுண்டரில் சொன்னார்கள். தடையாக நின்றது நான்தான்.

"சீசன் முடிஞ்சி ஆகஸ்ட்ல வந்து பண்ணிக்கலாம்," என்றேன். "நான் இல்லன்னா அந்த ஸ்டூல்ல வேற ஆளு உக்காந்துடும்."

கவிதா வராந்தாவிலேயே கத்தினாள். "சீசன் வருஷா வருஷம் வரும்மா! நீ செத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? ஸ்டூலையா அம்மான்னு கூப்புடுவேன்?"

சந்தனத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என் கணவர் ஏகாம்பரம் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், பதினோரு வருஷமாக. கவிதா போனை என் காதில் வைத்தாள்.

"டிக்கெட் போட்டு வரட்டா?" என்றார்.

"வந்து இன்னா பண்ணப் போற? கையப் புடிச்சிக்கினு உக்காரப் போறியா?"

"ஆமா," என்றார். "அதுக்குத்தான்."

முதலாளி லீவு கொடுக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அப்புறம் அவரே, "இன்னிலேருந்து டீயில சர்க்கரைய நிறுத்திட்டேன்," என்றார். டீயில் நாலு ஸ்பூன் போடுகிற மனுஷன் அவர்.

படம் எடுக்கிற அன்று காலையில் கவிதா எனக்குத் தலைவாரி இறுக்கமாக ஜடை போட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அவளை நான் அனுப்பிய மாதிரியே என்னை அனுப்பினாள். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை அனுப்பினார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து டி.வி.யில் என் இதயத்தின் குழாய்கள் கறுப்பாக ஓடின. இடது பக்கத்துப் பெரிய குழாய் ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. கூழ்ச் சொட்டையும் மீட்டர்க் கோட்டையும் பார்த்துப் பழகின கண் என்னுடையது, யாரும் காட்டாமலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. சின்ன பலூனை உள்ளே விட்டு ஊதி, குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற கம்பி வலையை வைத்தார்கள். பலூன் ஊதியபோது நெஞ்சில் ஒரு பாரம், அப்புறம் போய்விட்டது. மறுபடி மருந்து விட்டார்கள். நூல் இருந்த இடத்தில் முழுக் குழாய் கறுகறுவென்று ஓடியது. நான் அழுதேன், வலியால் இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

"இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா என்னைப் பார்க்க வந்திருக்க மாட்டீங்க," என்றார் டாக்டர்.

வார்டில் படுத்திருக்கும்போதுதான் அந்த ஆறு பேரும் நினைவுக்கு வந்தார்கள். நான் பிழைத்தேன். என் வாயால் "மூணுதான், போங்க" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் கதி? சாப்பாடு இறங்கவில்லை. நர்ஸ் உப்பில்லாத கிச்சடியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தணிகாசலம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அந்த மீட்டர் தப்பு. உடனே திருப்பதிக்கு வந்து யூரின்ல புரதம் பாருங்க."

சிரித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா எல்லாரும் இப்டித்தான் பயந்துடுவாங்கோ. நீதான மூணுன்ன?"

"நான் சொன்னது தப்புண்ணா."

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. அவருக்கும் அது காதில் ஏறவில்லை. "பாய்லர வுட்டுட்டு எப்டி வருவேன்? சீசன் முடியட்டும் பாக்கலாம்," என்றார். அடுத்த நாளும் பேசினேன். மூன்றாம் நாள் என் நம்பரைப் பார்த்ததும் எடுக்கவே இல்லை. மற்ற ஐந்து பேரும் அண்ணன் போனால் போகிறோம் என்றார்கள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, அழுத்தத்தையும் புரத ஒழுகலையும் சேர்த்துக் குறைக்க ஒன்று என்று மாத்திரைகள். பாதியாக உடைக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டில் கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு மாதம் வேலைக்குப் போகக் கூடாது. வேலைக்குத்தானே போகக் கூடாது? பத்தாம் நாள், மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், கவிதாவைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போனேன். கையில் பழைய மீட்டர், ஒரு பொட்டலம் உப்பு, ஒரு முட்டை.

மதியச் சாப்பாட்டு நேரம். ஷெட்டில் எல்லோரும் இருந்தார்கள். என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பி.எஸ்ஸி. படித்த புதுப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன். டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒரு சொட்டை மீட்டரில் விட்டு, தணிகாசலம் அண்ணன் கையில் கொடுத்தேன்.

"எவ்ளோண்ணா?"

"மூணு."

"அது இன்னாது தெரியுமா? வெறும் உப்புத் தண்ணி. சர்க்கரை ஒரு துளி கெடையாது."

அவர் மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே மூன்று. அடுத்தது ஒரு பெரிய பாட்டில் தண்ணீரில் முட்டையின் வெள்ளைக் கருவைக் கொஞ்சமாக விட்டுக் கலக்கினேன். அதில் ஒரு சொட்டு.

"இப்போ?"

"ஒண்ணுமே இல்ல. சைபர்."

"வெள்ளைக் கரு பூரா புரதம்ணா. இவ்ளோ கம்மியா கரைஞ்சிருந்தா இந்த மீட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது. எனக்கும் இப்டித்தான் தெரியல. இதப் பாருங்க." பாட்டிலை மூடிக் குலுக்கினேன். நுரை கழுத்துவரை ஏறியது. மேஜையில் வைத்தேன். சாப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நுரை அடங்கவே இல்லை.

"என் யூரின் இப்டித்தான் நுரைச்சிது. நான் சோப்புத்தூள்னு நெனச்சேன். உங்க ஆறு பேருக்கும் நான் தப்பா சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

தணிகாசலம் அண்ணன் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு ஒரு வருசமா நுரைக்குதும்மா. இது அதுதானா?"

மறுநாள் காலை கம்பெனி வேனில் ஆறு பேரும் திருப்பதிக்குப் போனார்கள். மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வேன் கொடுத்தார், ஆனாலும் கொடுத்தார். மூன்று பேருக்குப் புரதம் இல்லை, சர்க்கரைக்கு மட்டும் மருந்து மாற்றினார்கள். இரண்டு பேருக்குக் கொஞ்சமாக ஒழுக ஆரம்பித்திருந்தது. இந்த நிலையில் பிடித்தால் மாத்திரையிலேயே இழுத்து நிறுத்தலாமாம். தணிகாசலம் அண்ணனுக்கு என்னைவிட அதிகம். இதயத்தில் மூன்று குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் போதாது என்று நெஞ்சைத் திறந்து, காலில் இருந்து எடுத்த ரத்தக் குழாயால் இதயத்துக்கு மாற்று வழி போட்டார்கள். ஆபரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் அவர் மனைவியோடு நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் ஆஞ்சியோகிராமுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. டாக்டர் வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினபோது, அவர் காலில் விழப் போய்விட்டேன். "குனியாதீங்க, உங்களுக்கும் இப்பத்தான் பண்ணியிருக்கு," என்று அதட்டினார்.

பழைய மீட்டரை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். அவர் மேஜையில் இருக்கிறது. டெஸ்டுக்கு அடம்பிடிக்கிறவர்களுக்கு அதைக் காட்டி என் கதையைச் சொல்கிறாராம். சொல்லட்டும், என் மானம் போனால் பரவாயில்லை.

அந்த சீசனில் ஸ்டூல் எனக்கில்லை. அழுதேன், அதையும் மறைக்கவில்லை. இந்த சீசனுக்கு மேனேஜரே கூப்பிட்டனுப்பினார். புதுப் பெண் நல்லவள்தான், ஆனால் பழக்காரர்கள் கெஞ்சினால் இளகிவிடுகிறாளாம். இப்போது இரண்டு ஸ்டூல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் சர்க்கரை உள்ள எல்லோருக்கும் ரத்தமும் சிறுநீரும் பார்க்க டவுன் லேப்பிலிருந்து ஆள் வருகிறார். யாராவது நழுவினால் நான் கதவருகில் நிற்பேன். என் புரதம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பதினாலு படியையும் நிற்காமல் ஏறுகிறேன்.

போன வாரம் மதியம் கூழ் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிதானமான நடை, எனக்குத் தெரிந்த நடை. தணிகாசலம் அண்ணனுக்கு இப்போது பாய்லர் வேலை இல்லை, கேட்டில் டிராக்டர் நம்பர் எழுதுகிறார். மாடிக்கு அவர் வந்ததே இல்லை. மீட்டரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். நாலு, அஞ்சு, ஆறு. ஆறில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. ஏழு, எட்டு.

கதவில் வந்து நின்றார், கையில் புது ரிப்போர்ட். நெஞ்சுத் தழும்பு சட்டைக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது, முகம் பூரா சிரிப்பு.

"பதினாலும்மா," என்றார். "நிக்காம ஏறி வந்துட்டேன். எழுதிக்கோ."

நான் கூழ் நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன்.

"பாஸ்ணா," என்றேன்.